காயில் சுற்றி மிச்சம் பிடித்த காசு எங்கே போனது?

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. வட்டமான களிமண் தட்டு, அதில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளம், பள்ளத்துக்குள் ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பி. கேஸ் தீர்ந்துபோன நாட்களில் அம்மா அதைத்தான் பரணிலிருந்து இறக்கச் சொல்வார். பாதிக் குழம்பு கொதிக்கும்போது கம்பி அறுந்துவிடும். அப்பா பிளக்கைப் பிடுங்கி, ஆறும்வரை காத்திருந்து, அறுந்த இரண்டு முனைகளையும் இழுத்து ஒன்றோடொன்று முறுக்கி விடுவார். அடுப்பு மறுபடி எரியும். நாலைந்து தடவை இப்படி முறுக்கிய பிறகுதான் கடைக்குப் போய்ப் புதுக் காயில்.

இது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் பெரியம்மா பையன். ஷார்ஜாவில் வேலை. சிகரெட்டை விட்டுவிட்டு வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு மாறியவர். போன முறை லீவில் வந்திருந்தபோது (சாமானை அங்கேயே வைத்துவிட்டுத்தான் வந்தார், காரணம் கடைசியில்) பேச்சுவாக்கில் சொன்னார்: "டேய், உங்கப்பா கரண்ட் அடுப்புக்குச் செஞ்சதைத்தான் நான் அங்க ரூம்ல உக்காந்து செய்றேன். கடையில ஒரு காயில் வாங்குற காசுக்கு ஒரு பிரியாணி சாப்பிடலாம். கம்பி வாங்கி நாமளே சுத்திட்டா ஒண்ணும் செலவே இல்ல."

பி.காம். படிக்கிற புத்தி சும்மா இருக்குமா? "அப்ப மிச்சம் பிடிச்ச காசெல்லாம் எங்கண்ணே?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த கதைதான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது செய்முறைக் குறிப்பு இல்லை. ஒரு சின்னக் கம்பியின் வரலாறு.

கரண்ட் அடுப்பிலிருந்தே ஆரம்பிக்கலாம். மின்சாரத்தால் ஒரு கம்பியைச் சூடாக்கலாம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த விஷயம். பிரச்சினை, சூடான கம்பி காற்றில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துவிடும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் யார் வாங்குவது? அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஒரு கம்பி செய்தார். 1906இல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் நிக்ரோம். சூடானால் மேலே குரோமியம் ஆக்சைடு என்று ஒரு மெல்லிய தோல் படியும். அந்தத் தோல் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றும். டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், நம் வீட்டு அடுப்பு எல்லாம் இந்தக் கம்பியின் பிள்ளைகள்.

1926இல் சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ என்பவர் இன்னும் அதிகச் சூடு தாங்கும் ஒரு கலவை செய்தார். இரும்பு, குரோமியம், அலுமினியம். நிக்கல் இல்லை. தன் பெயரின் பாதியையும் ஹால்ஸ்டஹம்மர் என்ற தன் ஊர்ப் பெயரின் பாதியையும் ஒட்டி அதற்கு வைத்த பெயர், காந்தல். நம்மூரில் பானையில் அடிப்பிடித்த சோற்றுக்கும் அதே பெயர்தான். தற்செயல்தான், ஆனால் வேப் காயில் கருகினால் வாயில் என்ன சுவை வரும் என்று கேட்டால் அண்ணன் சொல்வதும் இதே வார்த்தைதான் :-)

கம்பி தயார். அதைப் புகைக்குப் பயன்படுத்தும் யோசனை 1960களில் வந்தது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையிலை இல்லாத, நெருப்பு இல்லாத சிகரெட் ஒன்றுக்கு 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது கடைக்கு வரவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்துச் சீனாவில் ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003இல் தன் கருவிக்குக் காப்புரிமை கோரினார். அவரே நிறையப் புகைத்தவர், அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2004இல் ரூயான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சீன மொழியில் 'புகை போல' என்று அர்த்தம்.

ஹான் லிக்கின் முதல் வடிவமைப்பில் திரவத்தை ஆவியாக்கியது சூடு அல்ல, மீயொலி அதிர்வு. அடுத்து வந்த கருவிகளில் அந்த இடத்தைச் சூடாகும் காயில் பிடித்துக்கொண்டது. அதில்தான் நம் கதை தொடங்குகிறது. ஏனென்றால் காயில் தேயும்.

எப்படி என்று கொஞ்சம் பார்ப்போம். ஒரு மின்கலம், ஒரு காயில், காயிலைத் தொட்டுக்கொண்டு ஒரு திரி, திரியை நனைக்கும் திரவம். அவ்வளவுதான் வேப். திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிக்கோட்டின். பொத்தானை அழுத்தினால் காயில் சூடாகி, திரியில் இருக்கும் திரவம் ஆவியாகும். ஆனால் திரவத்தில் உள்ள எல்லாமும் ஆவியாகிவிடாது. இனிப்பூட்டிகள் கருகிக் காயில்மேல் கறுப்பாகப் படியும், பாகு காய்ச்சும்போது அடிப்பிடிப்பது மாதிரி. திரியும் கருகும். சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காயில் 'செத்துவிடும்'. கருவி அப்படியே நன்றாக இருக்கும், இந்தச் சின்னப் பாகம் மட்டும் மாற்ற வேண்டும்.

மார்க்கெட்டிங் பாடத்தில் படித்திருப்பீர்கள்: ரேஸரை மலிவாகக் கொடு, பிளேடில் சம்பாதி. புத்தகங்கள் இதற்கு ஜில்லெட்டைத்தான் உதாரணம் சொல்லும். உண்மையில் காப்புரிமை கையில் இருந்த காலத்தில் ஜில்லெட் ரேஸரை மலிவாக விற்கவே இல்லை. ஐந்து டாலர், அந்தக் காலத்தில் பெரிய காசு. 1921இல் காப்புரிமை முடிந்து போட்டியாளர்கள் உள்ளே வந்த பிறகுதான் ரேஸர் விலை இறங்கியது. அந்த நாட்களிலேயே மக்கள் பழைய பிளேடைத் தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்தினார்கள். ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் ஆட்டோஸ்ட்ராப் ரேஸர் இதற்கென்றே, பிளேடைக் கழற்றாமலே தோல்வாரில் தீட்டிக்கொள்ளும் வசதியோடு வந்தது. கடைசியில் 1930இல் அந்தக் கம்பெனியும் ஜில்லெட்டும் ஒன்றாகிவிட்டன. 'மாற்ற வேண்டிய பாகத்தை' மாற்றாமல் ஒப்பேற்றும் மனிதர்கள் எந்தக் காலத்திலும் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

வேப்பிலும் அதேதான் நடந்தது. 2010ஐ ஒட்டிய வருடங்களில், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைப் பயன்படுத்தியவர்கள் செத்த காயிலைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது? ஒரு சின்ன உலோகக் கூடு, அடியில் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், நடுவில் விரலளவு நீளம்கூட இல்லாத கம்பிச் சுருள், ஒரு துண்டுத் திரி. அப்பாவின் கரண்ட் அடுப்பை நகத்தளவுக்குச் சுருக்கினால் எப்படியோ அப்படி.

பின்னைப் பிடுங்கி, கருகியதை எடுத்துவிட்டு, துரப்பண ஊசியிலோ நகைத்தட்டான் வைத்திருக்கும் சின்ன ஸ்குரூ டிரைவரிலோ புதுக் கம்பியைச் சுற்றி, உள்ளே பஞ்சைச் செருகி, மறுபடி மூடினால் காயில் உயிர் பெற்றுவிடும். கம்பெனிகள் வைத்தது கண்ணாடி இழை மாதிரியான சிலிக்கா திரி. வீட்டில் செய்தவர்கள் பெரும்பாலும் சாதாரணப் பஞ்சுக்கு மாறினார்கள். பிறகு கம்பெனிகளே பஞ்சுக்கு மாறின. வாடிக்கையாளர் வீட்டு மேசையில் கண்டுபிடித்ததைத் தொழிற்சாலை பின்பற்றிய அபூர்வமான இடம் இது.

கணக்கு எளிது. 28 கேஜ் காந்தல் கம்பியின் விட்டம் 0.32 மி.மீ. ஒரு மீட்டருக்குச் சுமார் 18 ஓம் மின்தடை. அப்போதைய காயில்கள் 1.8 ஓம் அளவில் இருந்தன என்றால் ஒரு காயிலுக்குத் தேவை 10 செ.மீ. கம்பி. ஆக 10 மீட்டர் சுருள் ஒன்று வாங்கினால் 100 காயில். கடையில் விற்ற ஒவ்வொரு காயிலின் விலையிலும் கம்பியின் பங்கு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கூடு, கூலி, கப்பல், கடைக்காரர், லாபம்.

இன்னொரு விஷயமும் இவர்களுக்குச் சாதகமாக இருந்தது. சீனாவில் வந்த ஜாய் 510 என்ற மாடலின் திருகு மறை கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவானதாகிவிட்டது. யாரும் சட்டம் போடவில்லை, தானாக அப்படி ஆனது. எந்தக் கம்பெனி மின்கலத்தின் மேலும் எந்தக் கம்பெனி தலையையும் திருகலாம். வாடிக்கையாளரைக் கட்டிப்போட வழியில்லை. நம்மூர் பல்பு ஹோல்டர் மாதிரி.

சிறிய பட்டறைகள் இதைப் பார்த்து, காயிலை வீட்டிலேயே சுற்றுவதற்கென்று திருகாணிகள் வைத்த தலைகளைச் செய்தன. பெரிய கம்பெனிகளும் சேர்ந்துகொண்டன. 2014இல் காங்கர் என்ற சீனக் கம்பெனி தன் சப்டேங்க் மாடலோடு, ரெடிமேட் காயிலையும் கொடுத்து, நீங்களே சுற்றிக்கொள்ள ஒரு குட்டி மேடையையும் அதே பெட்டியில் வைத்துக் கொடுத்தது. பிளேடு விற்பவன் சாணைக்கல்லையும் இலவசமாகக் கொடுத்தது போல!

ஏன் கொடுத்தான்? இங்கேதான் என் கேள்விக்கு முதல் பதில் கிடைத்தது.

காயில் சுற்றத் தெரிந்தவன் 1.8 ஓமோடு நிற்கவில்லை. தடிமனான கம்பி, குறைந்த மின்தடை, பெரிய புகை மண்டலம் என்று போனான். மின்திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வருவது. 3.7 வோல்ட், 1.8 ஓம் என்றால் 7.6 வாட். அதே காயிலை 0.2 ஓமில் சுற்றி, முழுதாகச் சார்ஜ் ஆன 4.2 வோல்ட் மின்கலத்தில் வைத்தால் 88 வாட். பதினோரு மடங்குக்கு மேல். அதிகச் சூடு அதிகத் திரவத்தைக் குடிக்கும். காயிலில் மிச்சம் பிடித்தவன் திரவத்தை லிட்டர் கணக்கில் வாங்க ஆரம்பித்தான். அதற்கேற்ற பெரிய கருவி, அதற்கேற்ற மின்கலம், புதுப்புதுத் தலைகள். ஒரு காலத்தில் செலவைக் குறைக்க ஆரம்பித்த வேலை, இப்போது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்கு யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

1865லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் நிலக்கரி பற்றி இதைச் சொல்லியிருக்கிறார். நீராவி எஞ்சின் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும். ஏனென்றால் மலிவானதை மனிதன் அதிகம் பயன்படுத்துவான்.

செலவு பணத்தில் மட்டும் இல்லை. 4.2 வோல்ட்டை 0.2 ஓமால் வகுத்தால் 21 ஆம்பியர். டார்ச்சிலும் லேப்டாப்பிலும் போடும் விரல் சைஸ் லித்தியம் மின்கலத்தை இவ்வளவு கறந்தால், பலவற்றுக்கு அது தாங்கும் எல்லையைத் தாண்டிய விஷயம். எந்தப் பாதுகாப்புச் சில்லும் இல்லாத வெறும் உலோகக் குழாய்க் கருவிகளில் ஒரு காயில் தவறாகச் சுற்றப்பட்டு ஷார்ட் ஆனால் மின்கலம் வெடிக்கும். 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் வேப் வெடித்து இறந்தார். அதே ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்து, ஆவியில் குரோமியம், நிக்கல், ஈயம் இருப்பதை வெளியிட்டார்கள். பாட்டிலில் இருந்த திரவத்தைவிடக் காயிலைத் தொட்டுவந்த ஆவியில் அளவு அதிகம். கம்பிமேல் படியும் அந்தத் தோல் அடுப்பில் வைத்த குழம்புக்குள் போகாது. இங்கே கம்பிக்கும் நுரையீரலுக்கும் நடுவே பாத்திரம் இல்லை. அப்பா முறுக்கிய காயிலுக்கும் அண்ணன் சுற்றிய காயிலுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

அரசாங்கங்கள் சும்மா இருக்குமா? 2016இல் இரண்டு பக்கமும் சட்டம் வந்தது. மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள்: திரவப் பாட்டில் 10 மி.லி.க்கு மேல் கூடாது, தொட்டி 2 மி.லி.க்கு மேல் கூடாது. ஆகஸ்டில் அமெரிக்க எஃப்.டி.ஏ. விதிகள்: ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக அனுமதி. வாடிக்கையாளருக்காகக் காயில் சுற்றி மாற்றிக் கொடுக்கும் தெருமுனைக் கடையும் சட்டத்தின் கண்ணில் 'உற்பத்தியாளர்' ஆனது. வீட்டில் தனக்குத்தானே சுற்றுபவனை யாரும் தடுக்கவில்லை, ஆனால் அவனுக்குச் சாமான் செய்த சின்னப் பட்டறைக்குச் சுமை ஏறியது.

இதற்கிடையில் சந்தை வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 2015இல் அமெரிக்காவில் ஜூல் வந்தது. பென்டிரைவ் மாதிரி இருக்கும். திரவமும் காயிலும் ஒரே மூடிய டப்பாவுக்குள். தீர்ந்தால் டப்பாவோடு தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். 510 திருகு இல்லை, அந்த டப்பா அந்தக் கருவிக்கு மட்டும். பாடப்புத்தகத்தில் சொன்ன ரேஸரும் பிளேடும் கடைசியில் வந்தே விட்டது. 2018 டிசம்பரில் மார்ல்பரோ சிகரெட் விற்கும் ஆல்ட்ரியா கம்பெனி 1280 கோடி டாலர் கொடுத்து ஜூலில் 35% பங்கு வாங்கியது. காயிலைப் பிரிக்க முடியாதபடி மூடுவதற்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள். (அந்தப் பணமும் கரைந்தது. பள்ளிப் பிள்ளைகளை இழுத்ததாக வழக்குமேல் வழக்கு. 2023இல் ஆல்ட்ரியா பங்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியது.)

2020 தொடக்கத்தில் எஃப்.டி.ஏ. பழச்சுவை டப்பாக்கள்மேல் நடவடிக்கை என்று அறிவித்தது. புகையிலைச் சுவைக்கும் மெந்தாலுக்கும் விலக்கு. முக்கியமாக, டப்பா மாற்றாமல் கருவியையே தூக்கிப் போடும் ரகம் அந்த அறிவிப்பின் முதல் குறியில் இல்லை. சந்தை உடனே அங்கே பாய்ந்தது. பிரிட்டனிலும் 2021க்குப் பிறகு இதே கதை. வண்ண வண்ணக் குச்சிகள், சில நாள் இழுத்துவிட்டுத் தூக்கி எறி. இங்கே காயில் தேயும் பேச்சே இல்லை. காயில் சாகும் முன்பே திரவம் தீர்ந்துவிடும்.

கணக்கு மறுபடி பாருங்கள். முதலில் கம்பியும் பஞ்சும் மட்டும் குப்பைக்குப் போனது. பிறகு உலோகக் கூடு. பிறகு பிளாஸ்டிக் டப்பா. இப்போது மின்கலத்தோடு மொத்தக் கருவியும். 2023இல் மெட்டீரியல் ஃபோகஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு போட்ட கணக்குப்படி, அந்த நாட்டில் மட்டும் வாரத்துக்கு 50 லட்சம் குச்சிகள் எறியப்பட்டன. அதே ஆண்டு லண்டன், ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் அந்தக் குச்சிகளின் மின்கலங்களை எடுத்துச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் செய்யக்கூடிய நல்ல மின்கலங்கள். ஒரே தடவை பயன்படுத்திவிட்டுக் குப்பையில். குப்பை வண்டியில் நசுங்கினால் தீ வேறு பிடிக்கும். அதை அணைப்பது முனிசிபாலிட்டி செலவு. அதாவது வேப்பைத் தொட்டே பார்க்காதவனின் வரிப்பணம்.

அக்கவுன்ட்ஸ் முதல் வகுப்பில் சொல்லித் தருவது ஒன்றுதான்: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதாமல் ஏடு மூடாது. காயிலில் மிச்சம் பிடித்த காசும் காணாமல் போகவில்லை. கொஞ்சம் திரவக் கடைக்குப் போனது, கொஞ்சம் மருத்துவ அபாயமாக மாறியது. காயிலைச் சுற்றவே விடாமல் மூடிய கம்பெனி மிச்சம் பிடித்த காசு ஊர்க் குப்பைமேட்டில் பற்று எழுதப்பட்டிருக்கிறது.

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் ஒரே தடவை பயன்படுத்தும் வேப் விற்பது சட்டவிரோதம். அந்தச் சட்ட விளக்கத்தைப் படித்தபோது எனக்கு ஒரு நிமிடம் சிரிப்பு வந்துவிட்டது. 'மறுபயன்பாட்டு வேப்' என்று எதைச் சொல்வது? மின்கலத்தைச் சார்ஜ் செய்ய முடிய வேண்டும். திரவத்தை நிரப்ப முடிய வேண்டும். மூன்றாவது, காயிலை மாற்ற முடிய வேண்டும். பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ சமையல் மேசையில் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்து செய்த வேலையின் நிழல், ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தில் மூன்றாவது நிபந்தனையாக உட்கார்ந்திருக்கிறது. மாற்றத்தான் சொல்கிறது, சுற்றச் சொல்லவில்லை. இருந்தாலும்.

இந்தியாவில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம், அந்த டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டம். தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். அண்ணன் சாமானை ஷார்ஜாவிலேயே விட்டுவிட்டு வந்தது அதனால்தான். சிகரெட்டும் பீடியும் மட்டும் பெட்டிக்கடையில் வழக்கம்போல் தொங்குகின்றன. அது இன்னொரு பதிவுக்கான விஷயம்.

நான் வேப்புக்கு வக்காலத்து வாங்கவில்லை. நிக்கோட்டின் பழக்கத்தைப் பொறுத்தவரை மலிவான காயில் என்று ஒன்று கிடையாது. அந்தக் கம்பியைச் சுற்றியவன் தான் கட்டுப்பாட்டில் இருப்பதாக நினைத்தான், ஆனால் பொத்தானை அழுத்த வைத்தது வேறொன்று. ஆனாலும் தேய்ந்ததைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கை இருக்கிறதே, அதை மட்டும் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இப்போது இருப்பது இன்டக்ஷன் அடுப்பு. போன மாதம் நின்றுபோனது. அப்பா திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். முறுக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை. "போர்டு போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்க" என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு அண்ணனிடம் போனில் இந்தக் கதையையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காயில் சுத்துறத விட்டாச்சுடா" என்றார்.

"ஏண்ணே, கம்பி தீர்ந்துடுச்சா?"

"இல்லடா. கணக்கு எழுதிப் பார்த்தேன்."

டிஸ்கி: யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கரண்ட் அடுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் :-)